தெள்ளு யார் மேல இருக்கு?

தெள்ளுன்னா என்னன்னு நகரத்துத் தோழர்கள் பல பேருக்குத் தெரியாமல் இருக்கலாம். எள்ளை விடச் சின்னது. கருஞ்சிவப்பு நிறம், ரெண்டு பக்கமும் அமுக்கிவிட்ட மாதிரி தட்டை உடம்பு. பேனும் இல்லை, உண்ணியும் இல்லை. பிடிக்கப் போனால் தாவிடும். விரலால நசுக்கினால் சாகாது, நகத்துக்கு நடுவுல வச்சு நெரிக்கணும். பூனை, நாய் மேல இருந்து ரத்தம் குடிக்கும். மனுசன் படுத்திருந்தால் கணுக்காலைப் பார்த்துக் கடிக்கும்.

எங்க வீட்டில் பூனை வளர்ப்பது ஆசைக்காக இல்லை. கறம்பக்குடிப் பக்கம் கடலை போடுற பூமி. குத்தகைக்கு எடுத்த அரைக்காணியில் விளைஞ்சதில் விதைக்கின்னு ஒரு மூட்டையை எடுத்து வைப்போம். எலி அதில் வாய் வச்சால் அடுத்த வருசம் விதைக்குக் கடன்தான். அந்த மூட்டைக்குக் காவல் எங்க கருப்பாயி. ஆறு வருசமா வேலையில இருக்கா. ஆனா ஆள் தொட்டால் மட்டும் ஆகாது. தானா வந்து உரசுவா, நாம தொட்டால் பிறாண்டிருவா.

போன வருசம் ஐப்பசி மழைக்கு முந்தி அவள் சொறிய ஆரம்பிச்சாள். வால் கிட்ட முதுகில் முடி கொட்டிப் புண்ணாச்சு. முடியை விலக்கினால் மிளகுத்தூள் மாதிரி கருப்பாக் கிடந்தது. அதை ஈர வெள்ளைத்துணியில் தட்டிப் பார்த்தேன், சிவப்பாகக் கரைஞ்சது. மண் இல்லை. அவள் ரத்தத்தைக் குடிச்சிட்டுத் தெள்ளு கழிச்சது. இப்படி விட்டால் குட்டிப் பூனை ரத்தம் இல்லாமலே செத்துப் போகும்.

அம்மா மாத்திரையைக் கருவாட்டில் பொதிஞ்சு வச்சது. கருவாடு போச்சு, மாத்திரை தரையில் கிடந்தது. துண்டில் சுத்தி வாயைத் திறந்து போட்டோம். நுரையாத் தள்ளிட்டா. அம்மா முழங்கையில் நாலு கோடு. "ஒன் நல்லதுக்குத்தாண்டி மகராசி"ன்னு அம்மா சொல்லிக்கிட்டே மஞ்சள் வச்சுக்கிச்சு.

டவுனில் ஒரு கடையில் பூச்சிப்பொடி கொடுத்தார்கள். நாய்க்கு உள்ளது, பூனைக்கும் போடலாம் என்றார்கள். டப்பாவில் பெர்மெத்ரின் என்று போட்டிருந்தது. எதுக்கும் கேட்டுக்கலாம்னு கருப்பாயியை ஒயர் கூடைக்குள்ள விட்டு, மேலே துண்டைக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன்.

டாக்டர் டப்பாவைப் பார்த்ததும், "இதைத் தூவிறாதீங்கம்மா. நாய்க்கு ஒண்ணும் செய்யாது. பூனையோட ஈரலுக்கு இதை முறிக்கிற சக்தி இல்லை, வலிப்பு வந்து செத்துரும்" என்றார். எந்தப் பொடியைத் தூவினாலும் பூனை நக்கியே உடம்பைச் சுத்தம் பண்ணும், எல்லாம் வயித்துக்குள்ள போகும். அதனால பூனைக்கின்னே உள்ள சொட்டு மருந்து, எடைக்குத் தக்கபடி, பிடரியில் முடியை விலக்கித் தோலில் விடணும். அங்கே நாக்கு எட்டாது. வாயைத் திறக்க வேண்டிய வேலையும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். "பூனை மேல நீங்க பாக்கிறது நூத்துக்கு அஞ்சுதான். மிச்சம் தொண்ணூத்தஞ்சு முட்டையா, புழுவா, கூட்டுப்புழுவா உங்க வீட்டுத் தரையில கிடக்கு. தரையை விட்டுட்டுப் பூனைய மட்டும் பாத்தா மூணாம் வாரம் மறுபடி இங்கதான் வருவீங்க."

இந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்கு மூணாம் வகுப்புதான் ஞாபகம் வந்தது. 1980களில் நான் படிச்ச பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகளை மட்டும் வேப்பமரத்தடியில் நிறுத்தித் தலையில் கெமக்சின் பொடி போட்டார்கள். "உங்க தெருவுலேர்ந்துதான் பூச்சி வருது" என்றார் வாத்தியார். அந்தப் பொடியில் இருந்தது பி.எச்.சி. 1997இல் அதை நாட்டிலேயே தடை பண்ணிட்டாங்க. ஊர்த்தெருப் பிள்ளைகள் ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் தலையிலும் பேன் இருந்தது. ஊர்த்தெருவில் பூனைக்குத் தெள்ளு பிடிச்சால் அது பூனைக்குப் பிடிச்ச தெள்ளு. எங்க வீட்டில்னால் தெருவுக்கே தெள்ளு, சாதிக்கே தெள்ளு.

எங்க அப்பாயி இதை விடப் பழசு ஒண்ணு சொல்லும். அது எட்டு வயசுப் பிள்ளையா இருக்கும்போது குடும்பத்தோட தேயிலைத் தோட்டத்துக்குப் போச்சு. தனுஷ்கோடியில் கப்பல் ஏறுறதுக்கு முந்தி மண்டபம் முகாம். இலங்கை அரசாங்கம் நம்ம மண்ணில் நடத்தின முகாம் அது. காலரா, பிளேக் பயத்தில் கூலி ஜனங்களை அங்கே நாள் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். 1939இல் இந்திய அரசாங்கம் கூலிக்கு ஆள் போறதை நிறுத்துற வரைக்கும் எங்க பக்கத்து ஜனம் அந்த வழியாத்தான் போச்சு. "கட்டியிருந்த சீலையையும் வாங்கி ஆவியில போட்டாங்க. பினாயில் தண்ணியில முக்கிக் குளிக்கச் சொன்னாங்க. ஆட்டுமந்தை மாதிரி நின்னோம்" என்று அப்பாயி சொல்லும்போது தொண்ணூறு வயசிலும் முந்தானையை இழுத்து மூடிக்கும்.

பிளேக்கைப் பரப்புறது எலித்தெள்ளு என்று கண்டது 1898 ஜூனில், கராச்சியில். போல் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் நோய் வந்த எலியை ஜாடியில் விட்டார். தெள்ளு போதாதென்று ஒரு பூனை மேல இருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டார். மேலே வலைக்கூண்டில் தொங்கவிட்ட நல்ல எலிக்கும் நோய் வந்தது. துணியை ஆவியில் போட்டதில் அதனால் நியாயம் இருக்கலாம். ஆனா எலி பெருகுறது தானியக் கிடங்கில், துறைமுகத்தில். பினாயிலில் முக்கினது எட்டு வயசுப் பிள்ளையை.

நாங்க தரையைப் பார்த்தோம். எங்களுக்குத் தொகுப்பு வீடு. சிமெண்டுத் தரை வெடிச்சு விரல் போகும் அளவுக்குச் சந்து. அதுக்குள்ளதான் புழு. சந்தை அடைச்சோம். பாயையும் சாக்கையும் தினம் வெயிலில் போட்டோம். கருப்பாயி கருவாடு தின்னுற நேரத்தில் பேன்சீப்பால் அஞ்சு இழுப்பு, அதுக்கு மேல இல்லை. சிக்கினதைச் சோப்புத் தண்ணியில் போட்டோம். சொட்டு மருந்தும் அவள் தின்னுறப்பவே, மாசம் ஒரு தடவை. மூணு மாசம் ஆச்சு. முதுகில் முடி வளர்ந்திருச்சு.

கூட்டுப்புழு கூட்டுக்குள்ளேயே மாசக்கணக்கில் காத்துக்கிடக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஆள் நடக்குற அதிர்வு, சூடு, மூச்சு பட்டதும் வெளியே வரும். செங்கல் சூளைக்குப் போயிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வீட்டைத் திறக்கிற எங்க ஜனத்தைத் தெள்ளு மொய்க்கிறது இதனாலதான். வேலைக்காக வீட்டைப் பூட்டிட்டுப் போனதுக்குக் கிடைச்ச பேரு, அழுக்குப் பிடிச்ச ஜனம்.

எங்க மேல பொடி தூவ வர்றவங்ககிட்ட நாம கேக்க வேண்டியது அந்தத் தொண்ணூத்தஞ்சைத்தான். வெடிச்ச தரையைப் போட்டுக் கொடுத்தது யாரு? தெரு முனையில் கொட்டுற குப்பை யார் வீட்டுது? மழைக்கு எங்க வாசலில் நிக்கிற சாக்கடை எந்தத் தெருவிலேர்ந்து வருது? இந்த வருசம் எங்க தெருப் பொம்பளைங்க எழுதின மனுவில் மருந்தடிக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை. தரை, வாய்க்கால், குப்பை, இந்த மூணும்தான் இருக்கு. முதல் கையெழுத்து எங்க அம்மாவோடது.