இரவு வானொலியும் பேய்க் கதையும்

பேய்க் கதை கேட்டால் தூக்கம் வராது என்று தெரியும். தெரிந்தும் ஏன் நாம் விரும்பிக் கேட்கிறோம்?

பூனாகலைப் பக்கத்து லயங்களில் முன்பு இதற்கு வானொலி தேவைப்படவில்லை. மழை இரவில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் கதை தானாக வரும். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனி, கத்தி வெட்டாமல் காக்கும் கவ்வாத்துச்சாமி, ஒற்றையடிப் பாதையில் நிற்கும் வெள்ளைச் சேலைக்காரி. பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன். பிறகு காம்பராவுக்கு வானொலிப் பெட்டி வந்தது. மத்திய அலை இரவில் வெகுதூரம் போகும். அதனால் பகலில் கேட்காத தமிழ்நாட்டு நிலையங்களும் இரவில் மலையில் கேட்டன.

அமெரிக்காவில் ஆர்ட் பெல் என்பவர் நெவாடா பாலைவனத்திலிருந்து நள்ளிரவு நிகழ்ச்சியொன்றைப் பல ஆண்டுகள் நடத்தினார். பேய், பறக்கும் தட்டு என்று யார் எதைச் சொன்னாலும் சிரிக்காமல் கேட்பார். லொறிச் சாரதிகளும் இரவு வேலை செய்வோரும் அவரோடு விழித்திருந்தார்கள். அவர் 2018இல் காலமானார். அவர்களை இழுத்தது பேய் மட்டுமல்ல. தங்களோடு விழித்திருந்த ஒரு குரலும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்கும் அந்தக் குரல் தேவை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது புதையுண்ட பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. 1983க்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களிலும் போரில் காணாமற் போனவர்கள் உண்டு. "ராத்திரி வாசல்ல வந்து நின்னாரு" என்று ஒரு பெண் சொன்னால், அவள் பேயைப் பற்றிப் பேசவில்லை. திரும்பி வராத ஒருவரைப் பற்றிப் பேசுகிறாள். பகலில் அதைச் சொன்னால், "பைத்தியமா உனக்கு?" என்பார்கள். இரவில் சொன்னால் கதையாகவாவது கேட்பார்கள்.

ஆகவே சகோதரிகளே, கதை கேட்பதில் தவறில்லை. ஆனால் "ஆவியை அழைத்துப் பேசுகிறேன், காணாமற் போனவர் இருக்குமிடம் சொல்கிறேன்" என்று பணம் கேட்பவரிடம் கவனமாக இருங்கள். தோட்டக் காசு அங்கே கரைய வேண்டாம். முறைப்பாடு செய்த துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்துக் காம்பராப் பெண் தன் கனவைச் சொல்ல வந்தால், சிரிக்காமல் ஒரு கோப்பைச் சாயம் ஊற்றிக் கொடுத்து, முழுவதும் கேளுங்கள்.