எந்த ரெஜிமென்ட்டுங்க ஐயா?

வேலூர் லாங் பஜாரில் நடப்பவர்களுக்குத் தலை நிமிர நேரமிருப்பதில்லை. தள்ளுவண்டிக்கும் மூட்டை தூக்குபவர்களுக்கும் வழிவிட்டு ஒதுங்குவதே பெரும்பாடு. அந்த நெரிசலுக்கு நடுவில் நிற்கும் மணிக்கூண்டில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை.

மீதி 263 பேர் திரும்பி வந்து இதே பஜாரில்தான் வெற்றிலையும் புளியும் வாங்கியிருப்பார்கள். எங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று அவர்களை யாராவது உட்காரவைத்துக் கேட்டிருப்பார்களா? அந்தக் கேள்வி மனத்தில் உறுத்த, பழைய பேருந்து நிலையத்துக்கு நடந்து கணியம்பாடிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினேன். போக நினைத்தது கம்மவான்பேட்டைக்கு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. ராணுவப்பேட்டை என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு.

வழியில் ஒரு நிறுத்தத்தில் இறங்கி டீ குடித்தேன். பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மழமழவென்று சவரம், இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, மடியில் துணிப்பை. டீ குடித்து முடித்ததும் எழுந்து போய்க் கண்ணாடி டம்ளரைத் தானே அலசி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். கடைக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. தினமும் நடப்பது போலிருக்கிறது.

“ஐயா பட்டாளத்துல இருந்தீங்களா?”

“ஆமா.” அதோடு முடித்துக்கொண்டார்.

“எந்த ரெஜிமென்ட்டுங்க?”

இப்போது முழுதாக என் பக்கம் திரும்பினார். “எம்.இ.ஜி. தம்பி.”

தம்பி என்றது என்னை மட்டுமல்ல. மெட்ராஸ் சாப்பர்கள் என்று சொல்லப்படும் அந்தப் பொறியாளர் படைக்கு 1780இலிருந்து வரலாறு உண்டு. தலைமையிடம் பெங்களூரு. அதன் வீரர்களை இந்திய ராணுவம் முழுக்கத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய அந்தத் தம்பி 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், மேற்கு எல்லையில், பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தவர்.

பசந்தர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது அருண் கேத்ரபால். டிசம்பர் 16 அன்று, 21 வயதில், எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர்விட்டவர்; பரம் வீர் சக்ரா பெற்றவர். அவருடைய பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் அக்கரைக்குப் போக வேண்டுமானால் முதலில் கண்ணிவெடி வயலில் பாதை திறக்க வேண்டும். அது சாப்பர்களின் வேலை. பாதை முழுதாகத் திறப்பதற்குள், அக்கரையில் இருந்த காலாட்படைக்கு நெருக்கடி முற்றிவிட்டது. பாதி திறந்த பாதையிலேயே டாங்கிகள் பாய்ந்து போயின. இதுவரை நான் படித்திருந்தேன். பாதை திறப்பது எப்படி என்று படித்ததில்லை.

பெரியவர் கைக்குடையை எடுத்தார். பேருந்து நிறுத்தத்துச் செம்மண்ணில் அதன் நுனியைச் சாய்வாக, மெதுவாகச் செருகினார். “நேரா குத்தக் கூடாது. வெடியோட தலையில பட்டா முடிஞ்சுது. சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும். தட்டுச்சுன்னா நிறுத்திடணும்.” நாலு விரற்கடை தள்ளி மறுபடி செருகினார். மறுபடி நாலு விரற்கடை. “படுத்துக்கிட்டே. ராத்திரி. பஞ்சாப் குளிரு.” திறந்த இடத்துக்கு அடையாளமாக வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டுமாம். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன். அவர் திரும்பவில்லை.

அந்த நண்பரின் பெயரைச் சொன்னார். அது அவர்களுக்குள் இருக்க வேண்டியது, நான் எழுதவில்லை. பெயரோடு, நண்பரின் ராணுவ எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சொன்னார். சற்று முன்தான் தன் வங்கிக் கணக்கு எண்ணைப் படித்துச் சொல்லும்படி பாஸ்புக்கை என்னிடம் நீட்டியவர் அவர். பென்ஷனுக்கான லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேலூருக்குப் புறப்பட்டிருந்தார். நவம்பர் மாதம்.

“உங்களுக்கு நன்றி சொல்லணும்ங்க” என்றேன். அவர் சாலையைப் பார்த்தார். நேருக்கு நேர் நன்றி சொல்வது நம் வழக்கத்தில் இல்லை. அது மேடைக்கு உரியதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “மிலிட்டரிக்காரன்னா ஊர்ல எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். கோட்டால பாட்டில் கிடைக்குமான்னு. எங்க இருந்தேன்னு நீதான் கேட்ட.”

எனக்கு நெஞ்சு அடைத்தது. பாட்டில் கேட்டவர்களில் என் வீட்டு ஆட்களும் உண்டு.

அவர் பேருந்தில் நானும் ஏறிக்கொண்டேன். கம்மவான்பேட்டைக்கு அன்று போகவில்லை.

மாலையில் வேலூரில், ஒரு ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி உடையில் இருந்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். “87ல யாழ்ப்பாணம்” என்றார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு எழவில்லை. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியபோது, சென்னைத் துறைமுகத்தில் அதை வரவேற்க அன்றைய முதல்வர் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் நம் மக்கள் பட்ட துயரத்தை நினைத்தால் எனக்கும் நன்றி என்ற சொல் நாக்கில் வரவில்லை. ஆனால் போவது என்ற முடிவு இவர் எடுத்ததல்ல. பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். “நம்ம ஜனத்தையே சுட்டியான்னு எங்க அம்மாவே கேட்டாங்க சார்” என்று தொடங்கினார். ஒரு மணி நேரம் பேசினார். இடையில் ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டேன். அவருக்குத் தர வேண்டியது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

1971இல் இருபது வயதில் எல்லைக்குப் போனவர்கள் இன்று எழுபத்து நான்கைத் தாண்டிவிட்டார்கள். நவம்பரில் உங்கள் ஊர் வங்கியில், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வரிசையில் நிற்பார்கள். உட்கார இடம் கொடுங்கள். எந்த ரெஜிமென்ட் என்று கேளுங்கள். பதில் முடிய நேரமாகும். அவசரமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.