33-லிருந்து 19-க்கு

எண் என்று எதைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கும் வியாதி பேங்க்காரனுக்கு உண்டு. பி.காம். படிக்கும்போது தொற்றியது, சர்வீஸில் முற்றிவிட்டது. ஆனால் கூட்டக்கூடாத எண்களும் உலகத்தில் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இன்றைக்கு.

ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, மேற்கு வங்கத்துக்கு 19. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே எண்கள்தான். திருச்சியிலிருந்து மாற்றலாகி ஹவுராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சிக்கு வந்த எங்கள் குடும்பம் 33-லிருந்து 19-க்கு வந்திருக்கிறது. அதற்காக நாங்கள் 14 குறைந்துவிட்டோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். (மாமனார் வீட்டில் வேண்டுமானால் சொல்லலாம் :-))

சர்வே படிவத்தில் ஆளுக்கு ஆள் மாறுகிற விவரத்தை 'மாறி' என்கிறார்கள். ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1946-ல் இவற்றின் அளவுகோல்களை நான்கு வகையாகப் பிரித்தார். நம்ம பேங்க் பாஷையிலேயே சொல்லிவிடலாம்.

ஒன்று, பெயருக்கு மட்டும் எண். கணக்கு எண், கிளை எண், மாநில எண் எல்லாம் இதில் சேரும். யாருடைய கணக்கு எண் பெரியது என்று யாரும் பெருமைப்படுவதில்லை. இரண்டு, வரிசை சொல்லும் எண். வாடிக்கையாளரின் ரிஸ்க்கைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கிறோம். எது மேலே என்று தெரியும், எவ்வளவு மேலே என்று தெரியாது. மூன்று, இடைவெளி சொல்லும் எண். 30 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் 15 வித்தியாசம், ஆனால் இரண்டு மடங்கு சூடு என்று சொல்ல முடியாது. நான்கு, கணக்கில் இருக்கும் பணம். சைபர் என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை. கூட்டலாம், வகுக்கலாம், சராசரி பார்க்கலாம்.

இங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. சாந்த்ராகாச்சி ஜீல். குளிர்காலத்தில் பறவைகள் வந்து இறங்கும், ஆர்வலர்கள் எண்ணுவார்கள். சீழ்க்கைச் சிறகியா, ஊசிவால் வாத்தா என்பது முதல் வகை. எத்தனை என்பது நான்காம் வகை. பறவைகளிடம் 'ஏன் வந்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. மனுஷர்களிடம் கேட்கிறார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்வே என்று பேச ஆரம்பித்தால் இந்த ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் முடியாது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஆற்றுக்கு அக்கரையில் பராநகரில் இருக்கிறது. வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் பயிராகிறது என்பதை, எல்லா வயலையும் அளக்காமல் மாதிரி எடுத்தே மதிப்பிட்டுக் காட்டியவர். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதும் அவர் முயற்சியால்தான். அந்த வழியில் வந்ததுதான் பி.எல்.எஃப்.எஸ். என்கிற தொழிலாளர் ஆய்வு. அதன் 2020-21 சுற்றில் (கோவிட் காலம்) இடம்பெயர்ந்தவர்கள் பற்றியும் கேட்டார்கள்.

கிடைத்த விடை: பெண்களில் 47.9 சதவீதம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், ஆண்களில் 10.7 சதவீதம் பேர்தான். இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் கல்யாணம். இடம்பெயர்ந்த ஆண்களில் 49.6 சதவீதம் பேருக்கு வேலை சம்பந்தப்பட்ட காரணங்கள்.

இதை வைத்து 'இந்தியப் பெண்களில் 87 சதவீதம் பேர் கல்யாணத்தால் ஊர் மாறியவர்கள்' என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். எதில் 87 என்று கேளுங்கள். 100 பெண்களில் 48 பேர் இடம்பெயர்ந்தவர்கள், அந்த 48-ல் சுமார் 42 பேர் கல்யாணத்தால். ஆக 100-க்கு 42. வட்டி விகிதத்தை எந்த அசலுக்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவோமா?

அடுத்தது, யார் இடம்பெயர்ந்தவர்? ஒரு ஊரில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்துவிட்டு வேறு ஊருக்கு வந்தவர். எப்போது வந்திருந்தாலும் சரி. பக்கத்துக் கிராமத்திலிருந்து 40 வருஷம் முன்னால் வாக்கப்பட்டு வந்த பாட்டியும் கணக்கில் உண்டு.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். திருச்சியில் பிறந்து மூன்றாம் மாதம் கொல்கத்தா வந்த குழந்தை, பிறந்த இடத்தை வைத்துப் பார்க்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த ஆள். ஆறு மாதக் கணக்கு பார்க்கும் மாதிரி ஆய்வில் இல்லை. கணக்கெடுப்பில் 'பிறந்தபின் இடம் மாறியது' என்றே ஒரு காரணம் 2001-லும் 2011-லும் இருந்தது. நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்தக் கட்டத்துக்குள் இருப்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காரணம் என்பது முதல் வகை மாறி. கல்யாணம், படிப்பு, வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஆளுக்கு ஒரு எண்தான் போட முடியும். கடைசியாக ஊர் மாறியதற்கு மட்டும்தான் போட முடியும்.

தங்கமணியிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகித் திருச்சி வந்தவள். அங்கே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருஷம் வேலை. எனக்கு மாற்றல் வந்ததும் அதை விட்டுவிட்டு வந்தாள். கடைசி இடமாற்றம் இதுதான் என்பதால் கல்யாணக் கணக்கில் வர மாட்டாள். 'பெற்றோரோ குடும்பத்தில் சம்பாதிப்பவரோ இடம்பெயர்ந்ததால்' என்ற கட்டத்தில் விழுவாள்.

"சம்பாதிக்கிறவர் இடம் மாறினாரா? அப்ப நானும்தானே சம்பாதிச்சுக்கிட்டிருந்தேன்?" என்றாள்.

கேள்வி நியாயமானது. அவள் விட்டுவிட்டு வந்த வேலைக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. இங்கே வந்து இரண்டு வருஷம் வீட்டிலிருந்தது, வங்காளி கற்றுக்கொண்டு இப்போது ஒரு பள்ளியில் கணக்குப்பதிவியல் சொல்லித் தருவது, எதற்கும் இல்லை. ஆய்வு தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்போது என்ன வேலை செய்கிறார் என்று அதே ஆய்வில் தனியாகக் கேட்கிறார்கள். இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்த்தால் கல்யாணத்தால் வந்து வேலைக்குப் போகிறவர்கள் தெரிவார்கள். முதல் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு 'பெண்கள் வேலைக்காக ஊர் மாறுவதில்லை' என்று முடிவு கட்டினால் ஹாஸ்டல், பஸ், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அந்த முடிவின்படிதான் திட்டமிடப்படும். கஷ்டப்படப்போவது நம் பெண்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக அறிவித்திருக்கிறார்கள். கேள்வி கேட்க ஆள் வரும்போது, குடும்பத் தலைவர் என்ற ஹோதாவில் எல்லாருக்கும் சேர்த்து நாமே பதில் சொல்லி அனுப்பிவிடுவது நம் வழக்கம். இந்த முறை வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும். அந்த நேரத்தில் வந்தவருக்கு நாம் டீ போடலாம்.