எத்தனை அங்குலம்?

கடலைக்கொடியைப் பிடுங்கும்போது கொடி மட்டும் கையோடு வந்து காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டால், உழவு ஆழம் போகவில்லை என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். பிடுங்குவது நாங்கள். நின்றுபோன காயைக் கொத்தால் கிளறி எடுப்பதும் நாங்கள். ஆனால் உழும்போது வரப்பில் நின்று "இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று சொல்லும் வேலை மட்டும் ஆண்களுடையது. நானும் பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன், வீட்டிலேயே ஒரு டிராக்டரை வைத்துக்கொண்டு.

மாமனார் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035 அது. சிவப்பு நிறம் வெளுத்து மட்கார்டு துருவேறிய பழைய வண்டி. 2017-இல் அவர் இறந்த பிறகு ஓர் ஓட்டுநரை வைத்து ஓட்டினோம். எங்கள் காடு போக, அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்குப் போகும். ஓட்டுநருக்கும் ஏக்கர் கணக்கில்தான் கூலி. இரண்டு வருடம் போனதும், "லிஃப்ட் நிக்க மாட்டேங்குதுங்கக்கா. கலப்பை ஒண்ணு உள்ள குத்துது, இல்லாட்டி மேல வந்துருது" என்றார். கொழுந்தனார் விலை பேச ஆளைக் கூட்டி வந்துவிட்டார். மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, பம்பையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா அம்மிணி?" என்றார்.

இரும்புப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாக, வண்டியோடு வந்த புத்தகம் கிடந்தது. ஆங்கிலம். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த மகள் சனி, ஞாயிறுகளில் வாசித்துச் சொல்ல, நான் டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

இருக்கைக்கு வலப்பக்கம் ஒரு வளைந்த தகடு. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லீவர்கள். இரண்டும் கலப்பையைத் தூக்கி இறக்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவை இரண்டு வேறு புத்திகள். ஒன்று உயரத்துக்கானது. லீவரை எங்கே வைக்கிறோமோ அந்த உயரத்தில் கலப்பை நிற்கும், மண் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. இன்னொன்று இழுவைக்கானது. கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு சேர்க்கும் டாப் லிங்க் இருக்கிறதே, அது போய் முட்டும் இடத்தில் ஒரு தடித்த ஸ்பிரிங். கொழு கெட்டி மண்ணில் மாட்டினால் டாப் லிங்க் அந்த ஸ்பிரிங்கை அழுத்தும். அழுத்தம் வால்வுக்குப் போகும், கைகள் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். மண் இளகியதும் மறுபடி இறங்கும். வண்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறது என்று மகள் சொன்னாள். எனக்கு அது களை வெட்டும் கை மாதிரி இருந்தது. கல் தட்டினால் நம் கை தானாகவே விடுமல்லவா?

இதைக் கண்டுபிடித்தவர் வட அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். முன்பெல்லாம் கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழும், ஓட்டியவர் நசுங்கிச் சாவார். கலப்பையை மூன்று இடங்களில் மாட்டி, மண்ணின் எதிர்ப்பே முன்சக்கரத்தைக் கீழே அமுக்கும்படி செய்தார் ஃபெர்குசன். 1946-இல் வந்த அவருடைய சிறிய சாம்பல் நிற வண்டியில் இழுவை லீவர் ஒன்றுதான். குறிப்பிட்ட உயரத்தில் நிறுத்த வேண்டிய வேலைக்குச் சங்கிலி போட்டுக் கட்டுவார்களாம். உயரத்துக்கான லீவர் பிறகு 35-ஆம் மாடலோடு வந்தது. எங்கள் வண்டி அதன் வழிவந்தது. 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து செய்த டிராக்டரைக் காட்டியபோது, எட்டு வயதுப் பையனை உட்கார வைத்து உழச் செய்திருக்கிறார்கள். அவ்வளவு சுலபமாம். சென்னையில் இந்த வண்டிகளைச் செய்யும் டாஃபே நிறுவனத்தின் தலைவர் மல்லிகா சீனிவாசன், ஒரு பெண். எங்கள் ஊரில் மட்டும் பெண் ஏறினால் லிஃப்ட் கெட்டுப்போகும்.

புத்தகத்தில் சொன்னபடி டாப் லிங்க் மாட்டும் கொக்கியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. அது துளியும் ஆடக் கூடாது. ஆட்டம் இருந்தால் மண் சொல்வது வால்வுக்குத் தாமதமாகப் போகும். அதற்குள் கலப்பை குத்திவிடும், பிறகு பதறிக்கொண்டு ஏறும். அத்தனை வருடத் தேய்மானம், வேறொன்றும் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு வயதான மெக்கானிக் பூட்டுத் திருகைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி பூட்டினார். ஒரு மணி நேரம். பம்பைத் தொடவே இல்லை. ஆண்கள் யாரும் இல்லையா என்று அவர் கேட்கவில்லை, ஒரு டீ மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நானே ஏறினேன். முதல் நாள் வரப்பு நெருங்கியதும் பயத்தில் கிளட்சை மிதித்துவிட்டு லீவரை இழுத்தேன். கலப்பை அசையவில்லை. எங்கள் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். முதலில் தூக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மிதிக்க வேண்டும். கால் பயந்தாலும் கை முந்த வேண்டும். பழக ஒரு வாரம் ஆனது. வரப்பில் நின்று சிரித்தவர்களை எண்ணவில்லை.

அந்த வாரம்தான் இன்னொன்றைக் கவனித்தேன். லீவர் இதற்கு மேல் இறங்காதபடி தடுக்க, தகட்டில் ஒரு திருகு உண்டு. அவர் கை வைத்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளவென்று ஒரு தடம். திருகு அந்தத் தடத்தில் இல்லை, வெகுவாக மேலே இருந்தது. ஓட்டுநரிடம் கேட்டேன். "லிஃப்ட் குத்துச்சுல்லீங்க, அதுக்குத்தான்" என்றார். அதில் பாதி உண்மை. மேலோட்டமாக உழுதால் வண்டி வேகமாகப் போகும், நாளைக்கு இரண்டு ஏக்கர் கூட ஓடும். மீதிப் பாதி அது. ஆண்கள் வரப்பில் நின்ற காடுகளில் திருகை இறக்கியிருக்கிறார். கணவர் திருப்பூர் போய்விட்ட வீடுகளிலும், தனியாக இருக்கும் பெண்களின் காடுகளிலும் மேலேயே இருந்திருக்கிறது. யார் சாலுக்குள் கைவிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வாடகையை எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்தவள் நான். அந்தக் காடுகளில் கூலிக்குக் கடலை பிடுங்கி, நின்ற காயைக் கிளறி, முதுகு வலி என்று படுத்தவளும் நான்தான். ஓட்டுநரைத் திட்டுவது சுலபமாக இருந்தது. நான்கு வீடுகளுக்குப் போய், அடுத்த உழவுக்குக் காசு வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இல்லை. மூன்று பேர் சரி என்றார்கள். ஒருத்தி மட்டும், "உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவள் இன்னும் வேறு வண்டியைத்தான் கூப்பிடுகிறாள். மற்றவர்கள் வரப்பில் நிற்கிறார்கள். முதல் சால் ஓடியதும் நிறுத்துகிறேன். இறங்கி வந்து கையைச் சாலுக்குள் விட்டு, விரலை மடக்கி அளந்து, இன்னும் ஒரு அங்குலம் என்கிறார்கள். திருகை இறக்குகிறேன்.

போன வாரம் சோதிப்பதற்காகக் கலப்பையைத் தூக்கி வைத்து இன்ஜினை அணைத்தேன். காலையில் பார்த்தால் தரையில் கிடந்தது. சிலிண்டருக்குள் வளையம் தேய்ந்திருக்கும் போல. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் பிரித்துப் பார்க்க வேண்டும். டீக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.