விளக்கைத் திருப்பித் தருமுன்

கோபம் கொள்ளாத மனிதர் உலகில் உண்டோ? உண்டெனில் அவரை நாம் கண்டதில்லை. வள்ளுவப் பெருந்தகை வெகுளாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பவுல் அடியாரோ, எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில், கோபம் வருவதுண்டு என்பதை ஒப்புக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் அது தணிய வேண்டும் என்று எல்லை குறித்தார். அந்த எல்லையைப் பற்றி, கோலார் தங்கவயலை விட்டுப் பல ஊர்களில் குடியேறி வாழும் நம் குடும்பத்தாரோடு சிறிது பேச விழைகிறோம்.

நாம் பிறந்து வளர்ந்த ஊர் கோரமண்டல். எம் தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் உழைத்தவர். மூவாயிரம் மீட்டருக்கும் மேலாக ஆழ்ந்து சென்ற சுரங்கம் அது. உள்ளே வெப்பம், பாறை வெடிக்குமோ என்ற அச்சம், அவற்றோடு மேலாட்களின் கடுஞ்சொல். சூரியனையே காணாத அவ்விடத்தில் பொழுது சாய்வதை எவ்வாறு அறிவது? தந்தையார் தமக்கென ஒரு வழி கண்டிருந்தார். வேலை முடிந்து மேலே வந்ததும் தலைவிளக்கை விளக்கறையில் ஒப்படைக்க வேண்டும். “விளக்கோடு கோபத்தையும் அங்கே கொடுத்துவிட்டு வருகிறேன்” என்பார். எல்லா நாளும் அது கைகூடிற்று என்று சொல்ல மாட்டோம். சில இரவுகளில் வாசற்படியில் நெடுநேரம் அமர்ந்து ஜெபித்த பின்னரே உள்ளே வருவார். அதுவரை அன்னையார் சோறு பரிமாறாமல் காத்திருப்பார்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்த நாள் முதல் தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களின் பிழைப்பு அன்றோடு முடிந்தது. ஊரெங்கும் கோபம் நிறைந்திருந்தது. அது நியாயமான கோபமே. ஆயினும் முகமில்லாத ஒன்றின்மீது எழுந்த கோபம் எங்கே போய் இறங்கும்? எம் வரையில் அது வீட்டுக்குள்ளேயே இறங்கிற்று.

எம் தமையனார் சுரங்கத்தில் வேலை இழந்தவர். நாமோ அதற்கு முன்பே பெங்களூரில் வேலைக்கு அமர்ந்திருந்தோம். தந்தையாரின் வைத்தியத்திற்காக நாம் கொடுத்திருந்த கடனை, அவர் கைக்கு ஈட்டுத்தொகை வந்த வாரத்திலேயே, உறவினர் முன்னிலையில் கேட்டோம். கேட்டது பிழையன்று என்று அன்று நினைத்தோம். அவரும் சுடுசொல் கூறினார். எட்டு மாதங்கள் பேச்சற்றுப் போயின.

அம்மாதங்களிலும் ஜெபித்தோம். ஆனால் எம் ஜெபம் வழக்குரைப்பாகவே இருந்தது. தமையனாரின் குற்றங்களை ஆண்டவரிடம் வரிசையாக எடுத்துரைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எண்ணாகமம் 20-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பாறையோடு பேசு என்பது மோசேக்குக் கிடைத்த கட்டளை. முறுமுறுத்த மக்கள்மீது கொண்ட கோபத்தில் அவர் பாறையை இருமுறை அடித்தார். தண்ணீர் வந்தது, ஆனால் வாக்களித்த நாட்டிற்குள் செல்லும் பேற்றை அவர் இழந்தார். பாறையை உடைத்துப் பிழைத்த குடியில் பிறந்த எமக்கு அது உள்ளத்தில் தைத்தது. சுரங்கம் மூடிய கோபத்தை நாமும் தமையனார்மீதன்றோ அடித்தோம்! பேச வேண்டிய இடத்தில் அடித்தோம்.

காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்பது இயேசு பெருமானின் போதனை. அன்று பிற்பகலே மாரிக்குப்பம் செல்லும் ரெயிலேறிக் கோரமண்டலில் இறங்கினோம். சயனைடு மேடுகளின் பின்னே சூரியன் சாய்ந்துகொண்டிருந்தான். கதவைத் திறந்த தமையனார் எம்மைச் சற்றுநேரம் பார்த்தார். “அண்ணா, ஊரார் முன் அப்படிக் கேட்டது எங்கள் தவறு” என்றோம். அவர் விடை கூறவில்லை. “உள்ளே வா, தம்பி. சாப்பிட்டு எத்தனை நேரமாயிற்று?” என்றார். பழைய அன்பு முழுவதும் திரும்பப் பின்னும் பல மாதங்கள் ஆயின.

அன்று முதல் கோபம் வரும்போது, அதை மறைக்காமல் முதலில் ஆண்டவரிடமே சொல்லுகிறோம். சங்கீதக்காரரும் அவ்வாறே முறையிட்டனர். பிறகு, இக்கோபம் மெய்யாகவே யார்மீது என்று எம்மையே கேட்கிறோம். அநீதியின்மீதெனில் அடங்கிப் போவது ஜெபமன்று. நெகேமியா ஏழைகளின் கூக்குரல் கேட்டுக் கோபமுற்றார். தம் உள்ளத்தில் ஆலோசித்த பின்னரே பெரியோரைக் கடிந்து, நிலங்களைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். வீட்டார்மீதெனில் அன்றிரவே எழுந்து சென்று பேசுகிறோம்.

அன்பர்களே! தங்கவயலின் விளக்கறைகளுக்கு இன்று வேலையில்லை. ஆயினும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இரவில் அணைக்க ஒரு விளக்கு உண்டு. அதை அணைக்குமுன் யாரிடம் பேச வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போமாக.