கயிற்றின் மறுமுனை

மலருக்கு ஒரு கவிதை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. நான் செய்த ஒரு சின்னப் பெட்டியின் கதைதான் வரும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் நடுவில் நாலு வரியைத் தாண்டிப் போனாலும் கோபமில்லை.

2023 ஆகஸ்ட் 5. நம் ஊர்ப் பனிமய மாதா கோயிலில் தங்கத்தேர் ஓடிய நாள். நான் அப்போதுதான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் தெருவில் ஒரு மரியாதை. அந்த மரியாதையில்தான் அக்கா தன் நாலு வயது மகளை என் கையில் பிடித்துக் கொடுத்து, "தம்பி, பாத்துக்க" என்றாள். தேர் வந்தது. படம் எடுக்க வேண்டும் என்று போனைத் தூக்கினேன். போனைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டது. அவ்வளவுதான், பிள்ளையைக் காணோம்.

நாற்பது நிமிடம் தேடினோம். மைக்கில், "அம்மு என்று பெயர் சொல்லும் பெண் குழந்தை இங்கே இருக்கிறது" என்றார்கள். ஓடிப் போனால் எங்களுக்கு முன்பே இரண்டு தாய்மார் நிற்கிறார்கள். தூத்துக்குடியில் எத்தனை அம்மு! அது எங்கள் அம்முதான். யாரோ வாங்கிக் கொடுத்த மக்ரூனைத் தின்றுகொண்டு, ஒரு அழுகையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தப் பெட்டி பிறந்திருக்காது.

கடையில் பிள்ளைகளுக்கான வாட்ச் கிடைக்கிறது. ஆனால் விலை குறைந்த பலவற்றில் ஜி.பி.எஸ்.ஸே கிடையாது. எந்த செல்போன் டவருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்து இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். திருவிழாக் கூட்டத்தில் அது எதற்கு உதவும்? நாமே செய்வோம் என்று இரண்டாம் ஆண்டில் இறங்கினேன்.

ஒரு ஆர்டுயினோ நானோ, நியோ-6எம் என்ற ஜி.பி.எஸ். மாட்யூல், சிம்800எல் என்ற ஜி.எஸ்.எம். மாட்யூல், ஒரு பேட்டரி. ஜி.பி.எஸ்.ஸைப் பற்றிப் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. குறைந்தது நாலு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, நம் மாட்யூல் தானே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதை அக்காவின் போனுக்குச் சொல்ல வேறொரு வழி வேண்டும். அதற்குத்தான் சிம். "LOC" என்று எழுதாமல் தமிழில் சொன்னால், 'எங்கே' என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், பெட்டி தன் இடத்தைப் பதிலாக அனுப்ப வேண்டும். இதுதான் திட்டம்.

சிம்800எல் என்னைப் படுத்திய பாடு தனிக்கதை. ஜியோ சிம்மைப் போட்டு இரண்டு நாள் பார்த்தேன், டவரே எடுக்கவில்லை. அது 2ஜி மாட்யூல், ஜியோவில் 2ஜி கிடையாது என்று பிறகுதான் உறைத்தது. சிம்மை மாற்றினால், எஸ்.எம்.எஸ். அனுப்பும் நேரத்தில் பெட்டி செத்துச் செத்துப் பிழைக்கிறது. அந்த ஒரு நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்குமாம். நான் கொடுத்திருந்த வயரோ தலைமுடி மாதிரி. தடித்த வயரும் பெரிய கெப்பாசிட்டரும் போட்ட பிறகு அடங்கியது.

முதல் பதில் வந்த ராத்திரி எங்கள் திரேஸ்புரம் வீட்டு வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மேப்பில் போட்டேன். அம்மு என் மடியில் இருக்கிறாள். மேப்போ அவள் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டுகிறது! நாற்பது கிலோமீட்டர் தள்ளி! "முருகன் கூப்பிடுதாரு போல" என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்ல, ஒரே சிரிப்பு. எனக்கு முகம் செத்துவிட்டது.

அப்பா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். வலை போட்ட இடத்தையும் கடலுக்கடியில் பார் இருக்கிற இடத்தையும் கையடக்க ஜி.பி.எஸ்.ஸில் குறித்து வைத்து வள்ளம் ஓட்டுகிறவர். மாட்யூல் துப்பிய எண்ணைக் காட்டச் சொன்னார். 0848.9, 07809.8.

"சரியாத்தானல சொல்லுது. எட்டு டிகிரி நாப்பத்தெட்டு புள்ளி ஒம்போது மினிட்டு. நம்ம தெருவுதான்."

"நானும் அதைத்தானப்பா போட்டேன், எட்டு புள்ளி நாலு எட்டு ஒம்போதுன்னு."

"ஏல, அறுபது மினிட்டு சேந்தாத்தான ஒரு டிகிரி? எட்டரை மணியை எட்டு புள்ளி முப்பதுன்னா கணக்குல எழுதுவ?"

நான் வாயடைத்து நின்றேன். 48.9-ஐ 60-ஆல் வகுத்தால் 0.815, எட்டோடு சேர்த்தால் 8.815. மேப் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அப்பா ஒன்றும் பெருமைப்பட்டுக் கொள்ளவில்லை, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு நான் படித்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று முதலாம் ஆண்டில் நினைத்திருந்தேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த அடி இதைவிடப் பலமானது. என் பெஞ்ச் நண்பன் ஒருவன் ஒருநாள் காலையில் வந்து, "நேத்து சாயங்காலம் உன் அக்கா மக பீச் ரோட்டுல நின்னாளே?" என்றான். லேப் நோட்டின் பின் அட்டையில் நான் எழுதி வைத்திருந்த சிம் நம்பரைப் பார்த்து, விளையாட்டாக ஒரு எஸ்.எம்.எஸ். தட்டியிருக்கிறான். பெட்டியும் பதில் சொல்லியிருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று அது பார்க்கவேயில்லை. பார்க்கும்படி நான் எழுதவில்லை. அவன் சிரித்தான். எனக்குக் கை நடுங்கியது. கேட்டது வேறு எவனாவதாக இருந்தால்?

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன என்று பிறகு படித்தேன். ரகசியமாக ஒட்டுக்கேட்க உதவும் பிள்ளைகள் வாட்ச்சுகளை 2017-ல் ஜெர்மனி தடை செய்தது. 2019-ல் அவாஸ்ட் என்ற நிறுவனம் ஆராய்ந்தபோது, சுமார் 6 லட்சம் டிராக்கர்களுக்கு 123456 என்பதே பாஸ்வேர்டாக இருந்ததாம். மொட்டை மாடியில் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, அக்கா, அத்தான், அப்பா ஆகிய மூன்று நம்பருக்கு மட்டும் பதில் சொல்லும்படி புரோகிராமைத் திருத்தினேன்.

இதை எல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். அவர் 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கியவர். காலில் கல், இடுப்பில் கயிறு, மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். அந்த ஆள் பெரும்பாலும் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருப்பான், தன் அக்கா தங்கச்சி தாலியை அவன் விடமாட்டான் என்று சொல்வார்கள். தாத்தா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கயிறு சரி, இவனே. மேல யாரு பிடிச்சிருக்கா?"

2025 திருவிழாவில் சோதித்துப் பார்த்தேன். அம்மு அத்தான் தோளில் இருந்தாள், நான் நூறு அடி தள்ளி நின்று கேட்டேன். அத்தனை பேரும் போனில் இருக்கிற கூட்டம், எஸ்.எம்.எஸ். வந்து சேர பதினோரு நிமிடம் ஆனது. கோயிலுக்குள் நுழைந்ததும் கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் கிடைக்காமல் பழைய இடத்தையே காட்டியது. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் இரண்டையும் அப்படியே எழுதியிருக்கிறேன். சார் மார்க்கைக் குறைத்தாலும் சரி.

கொடியிறக்கத்தன்று அக்கா மறுபடியும் பிள்ளையை என்னிடம் விட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறை. பெட்டியை அம்முவின் பாவாடைப் பையில் வைத்துத் தைத்திருந்தாள். பேனாவால் கையில் போன் நம்பரும் எழுதியிருந்தாள். நான் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ராத்திரி வந்து பையைப் பிரித்துப் பார்த்தால் பெட்டியில் விளக்கே எரியவில்லை. சார்ஜ் போட மறந்திருக்கிறேன்.