முடியாது என்று சொல்பவர்களின் சங்கம்

ராணுவம் என்றதும் மனதில் என்ன வரும்? டாங்கி, போர் விமானம், சல்யூட் அடிக்கும் சிப்பாய். வவுச்சரும் கால்குலேட்டரும் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் சிப்பாயின் பூட்ஸிலிருந்து விமானம் தாங்கிக் கப்பல் வரை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பில் இருக்கிறது. அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு "இதை இந்தக் கணக்கில் எழுத முடியாது சார்" என்று சொல்ல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் இப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது!

1948ல் தொடங்கிய சங்கம் அது. நீண்ட காலம் அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் மிலிட்டரி கம்ப்ட்ரோலர்ஸ் என்ற பெயரில் இருந்தது. (எழுதும்போது கம்ப்ட்ரோலர், படிக்கும்போது கன்ட்ரோலர். இந்தியாவின் சி.ஏ.ஜி.யில் முதலில் வரும் 'சி'யும் இதே ஆள்தான்.) இப்போது பெயரை சொசைட்டி ஆஃப் டிஃபென்ஸ் ஃபைனான்சியல் மேனேஜ்மென்ட் என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சீருடை போட்டவர்கள், போடாத சிவிலியன்கள், ராணுவத்துக்குக் கணக்கு வேலை செய்துகொடுக்கும் தனியார் கம்பெனிக்காரர்கள் என எல்லோரும் உறுப்பினர்கள். தலைமை அலுவலகம் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தில். ஆனால் சங்கத்தின் உயிர் அங்கே இல்லை. ராணுவ முகாம் இருக்கிற ஊர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளைகளில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு கிளைக்குப் பொருத்தமான ஊர் என்றால் இண்டியானாபோலிஸ். கடலும் இல்லை, எல்லையும் இல்லை, சுற்றிலும் சோள வயல். ஆனால் அமெரிக்க ராணுவத்தின் பணம் அந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. ஃபோர்ட் பெஞ்சமின் ஹாரிசன் என்று அங்கே ஒரு ராணுவ முகாம் இருந்தது. அதற்குள் 1950களில் ராணுவத்தின் நிதி மையத்துக்காக ஒரு பிரம்மாண்டமான கட்டடம் கட்டினார்கள். 1991ல் முகாமை மூடுவது என்று முடிவானது. பீரங்கிக்காரர்கள் போய்விட்டார்கள். முகாமின் பெரும்பகுதி 1996ல் மாநிலப் பூங்காவாகிவிட்டது. இன்றைக்கு அங்கே மக்கள் வாக்கிங் போகிறார்கள். கணக்கர்கள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

முகாமுக்கு மூடுவிழா முடிவான அதே 1991ல்தான் டிஃபென்ஸ் ஃபைனான்ஸ் அண்ட் அக்கவுண்டிங் சர்வீஸ் என்ற அமைப்பு பிறந்தது. சுருக்கமாக டிஃபாஸ். அதுவரை தரைப்படைக்கு ஒரு கணக்கு, கடற்படைக்கு ஒரு கணக்கு, விமானப்படைக்கு இன்னொரு கணக்கு. ஒவ்வொரு முகாமிலும் தனித்தனி நிதி அலுவலகம். முன்னூறுக்கும் மேற்பட்ட அந்த அலுவலகங்களை ஒன்றாக்கத்தான் டிஃபாஸ். அதன் தலைமையகம் இண்டியானாபோலிஸின் அந்தப் பழைய கட்டடத்தில். இதில் ஒரு வேடிக்கை. டிஃபாஸின் இன்னும் இரண்டு அலுவலகங்கள், மெய்ன் மாநிலத்தின் லைம்ஸ்டோனிலும் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரிலும், மூடப்பட்ட விமானப்படைத் தளங்களில் இருக்கின்றன. குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடத்தில் பேரேடு எழுதுகிறார்கள். போர் முடிந்தாலும் கணக்கு முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சரி, கிளை என்ன செய்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு மதிய உணவுக் கூட்டம், அதில் ஒரு பேச்சாளர். சர்டிஃபைட் டிஃபென்ஸ் ஃபைனான்சியல் மேனேஜர் என்ற பட்டயத் தேர்வுக்கு ஒன்றாக உட்கார்ந்து படிப்பது. அந்தத் தேர்வில் மூன்று தாள். முதல் தாள் அரசு நிதி எப்படி ஓடுகிறது என்பது, இரண்டாவது பட்ஜெட்டும் செலவுக் கணிப்பும், மூன்றாவது அக்கவுண்டிங். பாஸ் செய்தால் மட்டும் போதாது, அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட மணி நேரம் படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். மதிய உணவுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச்சைக் கேட்பதும் அந்த மணி நேரத்தில் சேரும் என்பதால் கூட்டத்துக்கு ஆள் வருவதில் ஆச்சரியம் இல்லை :)

பிறகு ஸ்காலர்ஷிப். பள்ளி முடித்து பிசினஸ், ஃபைனான்ஸ் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்காக ஒரு கோல்ஃப் போட்டி நடத்துவார்கள், குலுக்கல் சீட்டு விற்பார்கள். பகலில் கோடிக்கணக்கான டாலருக்குக் கையெழுத்துப் போடுகிறவர், சாயங்காலம் ஒரு பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்காகச் சீட்டு விற்றுக்கொண்டு நிற்கிறார். அலுவலகப் பணத்தில் ஒரு காசைக்கூட இதற்குத் தொட முடியாது. ஏனென்றால் சங்கம் தனியார் அமைப்பு, அரசுப் பணம் அரசு வேலைக்கு மட்டும். இது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்கே அதைச் சொல்லித்தருகிறவர்கள் அவர்கள்தான்.

மதிய உணவிலும் இதே கதைதான். கூட்டத்துக்கு வரும் கன்சல்டிங் கம்பெனிக்காரர் "இன்றைக்குச் சாப்பாடு என் செலவு" என்று சொன்னால் மேஜையில் ஒரு சின்ன அமைதி விழும். அமெரிக்க அரசு ஊழியர் வெளியாரிடமிருந்து வாங்கக்கூடிய பரிசுக்கான பொதுவான வரம்பு ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே ஆளிடமிருந்து வருடத்துக்கு மொத்தம் 50 டாலர். பிரியாணி சாப்பிடும் நேரத்தில் சட்டம் பேசுகிறார்களே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த 20 டாலரில் விட்டுக்கொடுத்தவர், நாளைக்கு அதே கம்பெனியின் பில் மேஜைக்கு வரும்போது என்ன செய்வார்?

இங்கேதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இவர்களுடைய வேலையின் மையமே "முடியாது" என்று சொல்வது. அமெரிக்க அரசுப் பணத்தைச் செலவழிக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இந்தப் பணம் இந்தக் காரியத்துக்குக் கொடுக்கப்பட்டதா? இந்தக் காலத்துக்குக் கொடுக்கப்பட்டதா? கொடுத்த தொகைக்குள் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் கையெழுத்து. ஒன்றுக்கு இல்லை என்றாலும் பணம் நகரக்கூடாது.

வீட்டில் பணம் எல்லாம் ஒரே பணம். பெண்டகனில் அப்படியில்லை, பணத்துக்கு 'நிறம்' உண்டு என்பார்கள். அன்றாட நடைமுறைச் செலவுக்கான பணத்தைப் பொதுவாக ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தம் செய்து முடிக்க வேண்டும். ஆராய்ச்சிப் பணத்துக்கு இரண்டு வருடம். ஆயுதம், வண்டி வாங்கும் பணத்துக்கு மூன்று வருடம். கப்பல் கட்டவும் கட்டடம் கட்டவும் ஐந்து வருடம். ஒரு நிறத்தை எடுத்து இன்னொன்றில் பூசினால் சட்டமீறல். அங்கே நிதியாண்டு அக்டோபர் 1ல் தொடங்கி செப்டம்பர் 30ல் முடிகிறது. அதனால் செப்டம்பர் மாதம் இவர்களுக்குத் தூக்கம் இல்லாத மாதம். மிச்சமிருக்கும் பணம் காலாவதியாகப் போகிறது, எல்லோருக்கும் அவசரம், எல்லோருக்கும் கையெழுத்து வேண்டும்.

இதற்குப் பின்னால் இருப்பது ஆன்டிடெஃபிஷியன்சி ஆக்ட் என்ற பழைய சட்டம். வேர் 19ஆம் நூற்றாண்டில், பல் முளைத்தது 1905, 1906 திருத்தங்களில். அந்தக் காலத்தில் துறைகள் வருடப் பணத்தை முன்கூட்டியே தீர்த்துவிட்டு, "காசு இல்லை, வேலை நின்றுவிடும்" என்று காங்கிரஸின் கழுத்தைப் பிடிக்குமாம். அதை நிறுத்தத்தான் சட்டம். தெரிந்தே மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. இதன்படி யாரும் சிறைக்குப் போனதாகத் தகவல் இல்லை. ஆனால் மீறல் நடந்தால் யார் பொறுப்பு என்று பெயரோடு ஜனாதிபதிக்கும் காங்கிரஸுக்கும் அறிக்கை போகும். அது தவிர, பணம் கொடுக்கலாம் என்று சான்றளித்த அதிகாரி தவறு செய்திருந்தால் அந்தத் தொகைக்கு அவரே சொந்தப் பொறுப்பு.

இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். எதிரே நிற்பவர் கர்னல், நெஞ்சு நிறைய பதக்கம். அவர் கேட்பதும் நியாயம்தான்; அவருடைய ஆட்களுக்கு அது தேவை. உட்கார்ந்திருப்பவர் நடுத்தர நிலையில் ஒரு சிவிலியன் பட்ஜெட் அனலிஸ்ட். "சார், தேவை சரி, பணத்தின் நிறம் சரியில்லை" என்று சொல்ல வேண்டும். தனி ஆளாக அதைச் சொல்ல எவ்வளவு பேருக்குத் தைரியம் வரும்?

கிளையின் உண்மையான பயன் இதுதான். அந்த மதிய உணவு மேஜையில் கர்னலும் அனலிஸ்டும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்கிறார்கள். கிளைக்குத் தலைவராக உயர் அதிகாரிதான் இருக்க வேண்டும் என்றில்லை. வேறு அலுவலகத்தில் இதே சிக்கலைப் போன வருடம் சமாளித்தவர் எதிரே இருப்பார். "அதற்கு வேறு வழி இருக்கிறது, இந்தக் கணக்கில் கேட்டுப் பாருங்கள்" என்பார். சில சமயம் "நீங்கள் செய்தது சரி" என்பார். சட்டப் புத்தகம் விதியைச் சொல்லும், முதுகில் தட்டிக்கொடுக்காது. அதற்கு மனிதர்கள் வேண்டும்.

இணையத்தில் சுற்றும் ஒரு கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001 செப்டம்பர் 10 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்ட், சில கணக்கீடுகளின்படி 2.3 டிரில்லியன் டாலர் பரிவர்த்தனைகளைத் தடம்பிடிக்க முடியவில்லை என்று பேசினார். மறுநாள் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அதிலிருந்து "2.3 டிரில்லியன் திருட்டு" என்று ஒரு கூட்டம் எழுதிக்கொண்டே இருக்கிறது. பி.காம். முதல் வருடம் படித்தவருக்கே இதில் சந்தேகம் வர வேண்டும். அந்தக் காலத்தில் பெண்டகனின் ஒரு வருட பட்ஜெட்டே அதில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது. இல்லாத பணத்தை எப்படித் திருடுவது? அது வவுச்சர் இல்லாமல் போடப்பட்ட சரிக்கட்டும் பதிவுகளின் கூட்டுத்தொகை. ஒரே டாலர் நான்கு கணக்கில் மாறினால் நான்கு முறை எண்ணப்படும். திருட்டு இல்லை என்பதால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. வவுச்சர் இல்லாத பதிவுக்குள் திருட்டு இருந்தாலும் தெரியாதே, அதுதான் பயம்.

அந்தப் பயம் தீர இன்னும் காலம் ஆகும். பெண்டகன் முழுமைக்குமான முதல் தணிக்கை 2018 நிதியாண்டில்தான் நடந்தது. அந்த வருடம் மட்டுமில்லை, 2018 முதல் 2024 வரை ஏழு வருடமும் தணிக்கையாளர்கள் கருத்துச் சொல்லவே போதிய ஆதாரம் இல்லை என்று கைவிரித்தார்கள். டிஸ்க்ளெய்மர் ஆஃப் ஒப்பீனியன் என்று ஆடிட்டிங் பாடத்தில் ஒரு பாராவாக வருமே, அதுதான். நடுவில் ஒரு நல்ல செய்தி. மரைன் கார்ப்ஸ் தன் 2023 நிதியாண்டுக் கணக்குக்குச் சுத்தமான ஒப்பீனியன் வாங்கியது, 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ராணுவப் பிரிவுகளில் அதுதான் முதல். கிடங்கு கிடங்காகப் போய் குண்டையும் உதிரிப்பாகத்தையும் எண்ணி வந்த வெற்றி அது. மற்றவர்களுக்கும் சேர்த்து 2028 இறுதி வரை சட்டம் கெடு கொடுத்திருக்கிறது.

நிறத்தின் கதை 2025ல் தெருவுக்கே வந்துவிட்டது. அக்டோபர் 1 அன்று பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசு முடங்கியது. முடக்கம் 43 நாள் நீடித்தது. அக்டோபர் 15 சிப்பாய்களுக்குச் சம்பள நாள். சம்பளக் கணக்கில் பணம் இல்லை. செலவாகாமல் கிடந்த ஆராய்ச்சிப் பணத்திலிருந்து சுமார் 8 பில்லியன் டாலரை எடுத்துச் சம்பளம் கொடுக்க டிரம்ப் நிர்வாகம் முடிவெடுத்தது. சிப்பாய் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கென்று காங்கிரஸ் கொடுத்த பணத்தைச் சம்பளத்துக்கு எடுக்கலாமா என்ற கேள்வியைச் சட்டம் தெரிந்தவர்கள் கேட்டார்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளில் முதலாவது அப்படியே! அதே நாட்களில் சிவிலியன் ஊழியர்கள் பலர் சம்பளம் இல்லாமல் காத்திருந்தார்கள்.

நல்ல காரியத்துக்கு விதியை வளைப்பது எளிது, ஏனென்றால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கெட்ட காரியத்துக்கு "முடியாது" என்று சொல்வதைவிட, நல்ல காரியத்துக்கு "இந்தப் பணத்தில் முடியாது" என்று சொல்வதுதான் கஷ்டம். அப்படிச் சொல்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்பார்கள். அவருக்கு மாதத்தில் ஒரு மதியமாவது தன்னைப் போன்றவர்களோடு உட்கார ஒரு மேஜை வேண்டாமா?

அந்த மேஜைக்கும் கடைசியில் பில் வரும். கர்னலோ கம்பெனிக்காரரோ அனலிஸ்டோ, அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் காசு எடுத்து வைப்பார்கள்.